கெம்பாரா என்னும் பாணர் குழு

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு ‘நீண்ட குன்று’ என்பது பொருள். சிங்கப்பூரின் வடமேற்கே, பழைய பத்தாம் மைல்கல்லை ஒட்டி எழுந்த ஊர் அது. இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர் 1903ஆம் ஆண்டில் இவ்வழியே வந்த ரயில் பாதையைக் கூறுவர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை இச்சாலை வழியே நகரை நோக்கி இறங்கியதைக் கூறுவர். கம்பங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்ததைக் கூறுவர். 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் இவ்வூரில் பிறந்த ஒரு மலாய்க் குழந்தையைக் கூறுவோர் மிகச் சிலரே. முகமது நாசிர் என்னும் அக்குழந்தையே பிற்காலத்தில் எம். நாசிர் என்னும் பெயரால் மலாய் உலகம் முழுதும் அறிந்த பாடலாசிரியர் ஆயிற்று. அவர் இருவருடன் கூடி அமைத்த ‘கெம்பாரா’ என்னும் இசைக்குழு எவ்வாறு தோன்றியது, அதன் முதல் இசைத்தட்டு எவ்வாறு வெளிவந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாய் ராக் இசைக்கும் தமிழ்ப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. எம். நாசிர் தம் பெயரால் பாடும் முன்னர்ப் பிறர்க்குப் பாட்டு இயற்றினார். அப்பாட்டுகளை வாங்கிப் பாடியவர்களுள் முதன்மையானோர் பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர் இருவர். ஆதலின் இக்கதையின் ஒரு பாதி நம்முடையது. அந்தப் பாதியை நாமே எழுதாமல் விட்டிருக்கிறோம் என்பதுதான் என் குறை.

முதலில் காலச் சூழலைச் சிறிது காண்போம். இப்பகுதியில் ஒலிப்பதிவு என்பது நேற்று வந்த கலை அன்று. கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தா, தோக்கியோ, ஷாங்காய் முதலிய நகரங்களில் பாடகர்களின் குரலைப் பதிவு செய்துகொண்டு 1903ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் வந்தார். ரயிலும் இசைத்தட்டும் இத்தீவுக்கு ஒரே ஆண்டில் வந்தன என்பது தற்செயல்தான். எனினும் பின்னே நாம் காணப்போகும் பாட்டு ஒன்றுக்கு அஃது ஒரு நல்ல சகுனம்.

அடுத்த பெருந்திருப்பம் 1961ஆம் ஆண்டு. கிளிஃப் ரிச்சர்ட் என்னும் ஆங்கிலப் பாடகரும் ‘ஷேடோஸ்’ என்னும் அவர்தம் குழுவினரும் அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூருக்கு வந்து பாடினர். மின் கித்தார் மூன்று, முரசு ஒன்று. இவ்வளவு இருந்தால் ஒரு குழு அமைக்கலாம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். நாதசுரம் கற்கப் பன்னிரண்டாண்டு வேண்டும். இதற்கோ பள்ளி விடுமுறை ஒன்று போதும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். குவீன்ஸ்டவுன் என்னும் புதிய குடியிருப்பு நகரில், தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர் சிலர் தம் பள்ளி இதழின் பெயரையே கொண்டு ‘குவெஸ்ட்ஸ்’ என்னும் குழுவை அமைத்தனர். 1964ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் ‘ஷாண்டி’ என்னும் சொல்லில்லா இசை இருந்தது. குழுவில் இருந்த ஹென்றி சுவா இயற்றியது. உள்ளூர் விற்பனை வரிசையில் அது பீட்டில்ஸ் குழுவின் பாட்டைக் கீழே தள்ளி முதலிடம் பெற்றது. அக்குழுவில் முதன்மைக் கித்தார் வாசித்தவர் ரெஜி வர்கீஸ் என்னும் இந்தியர். அதற்கு ஓராண்டு முன்னரே, 1963இல், ‘கிரெசெண்டோஸ்’ என்னும் உள்ளூர்க் குழுவின் பாட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் பதிந்து வெளியிட்டிருந்தது. அதே 1963இல் அதே பிலிப்ஸ் நிறுவனம் சட்டைப் பையில் அடங்கும் ஒலிநாடாப் பேழையை ஐரோப்பாவில் அறிமுகம் செய்தது. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

ஆங்கிலப் பாட்டின் பக்கத்திலேயே மலாய்ப் பாட்டும் கித்தாரைக் கையில் எடுத்தது. பீட்டில்ஸ் குழுவின் ‘யே யே’ என்னும் கூவலைக் கொண்டு அதற்குப் ‘பாப் யே யே’ என்று பெயரிட்டனர். ஆனால் இவ்வளவு ஆரவாரமும் நீடிக்கவில்லை. பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் புகழ்பெற்ற பி. ரம்லி 1964ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தார். அவர் நடித்த ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையம் 1967இல் மூடப்பட்டது. 1971இல் பிரிட்டிஷ் படை பெரும்பாலும் வெளியேறவே, படைவீரர் கூட்டத்தை நம்பியிருந்த இசைக்கூடங்கள் ஒளி குன்றின. குவெஸ்ட்ஸ் குழு அதற்கு முன்னரே கலைந்துவிட்டது. எம். நாசிர் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையாய்க் கித்தாரை ஏறிட்டுப் பார்க்கும் காலத்தில் விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்டிருந்தது. முன்னோர் விட்டுச்சென்ற வாத்தியம் இருந்தது, மேடை இல்லை.

இனி வடக்கே பினாங்குக்குச் செல்வோம். அங்கே ஏறத்தாழ 1969ஆம் ஆண்டளவில் ‘அலிகேட்ஸ்’ என்னும் குழு உருவாயிற்று. ‘சந்துப் பூனைகள்’ என்று தமிழ்ப்படுத்தலாம். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அதன் குரலாக விளங்கினர். அக்காலத்தில் இத்தகைய குழுக்கள் பாடியது பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. விடுதிகளிலும் இரவுக் கூடங்களிலும் வந்திருப்போர் விரும்பியது அதுவே. அலிகேட்ஸ் குழு 1970களில் ஹாங்காங் வரை சென்று நெடுநாள் அங்கே பாடிப் பிழைத்தது. பிறர் பாட்டைப் பிறர் ஊரில் பாடிப் பிழைத்தல் என்பது இழிவன்று. விரல் பழகுவதும் குரல் பழகுவதும் அங்கேதான். எனினும் அத்தகைய குழுவுக்குத் தனக்கென்று ஒரு பாட்டு இல்லை. ஒரு பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் ‘இஃது இவர்களுடையது’ என்று கேட்போர் கூற வேண்டும். அந்நிலை வந்தால்தான் குழுவுக்கு உண்மையான பிறந்தநாள்.

அந்நாள் 1979ஆம் ஆண்டில் வந்தது. மலாய் மொழியில் வந்தது. அவ்வாண்டு அலிகேட்ஸ் குழு ‘தெரிமா காசே’ என்னும் முதல் மலாய்த் தொகுப்பை வெளியிட்டது. ‘நன்றி’ என்பது அதன் பொருள். ஆங்கிலம் பாடி வந்த தமிழ் இளைஞர் மலாய் பாட நேர்ந்தது ஏன்? அவர்கள் விருப்பம் ஒருபுறம் இருக்க, காலத்தின் தேவையும் இருந்தது என்பது என் கருத்து. 1970 முதல் மலேசியாவின் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறிக்கொண்டு வந்தன. பத்தாண்டு கழிந்தபோது, மலாயில் படித்து மலாயில் சிந்திக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று எல்லா இனத்திலும் தோன்றியிருந்தது. இசைத்தட்டு வாங்க இயலாதவர்களும் ஒலிநாடா வாங்கினர். 1972இல் பிலிப்ஸ், சீமன்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் இசைத்தட்டுத் தொழில்கள் இணைந்து ‘பாலிகிராம்’ என்னும் பெயரில் நடந்து வந்தன. அலிகேட்ஸ் குழுவின் தொகுப்பை வெளியிட்டது அந்நிறுவனமே. பள்ளிக்கூடச் சட்டமும் பேழைக்குள் சுருண்ட நாடாவும் கூடி ஒரு பாட்டின் மொழியை முடிவு செய்தன எனின் மிகையாகாது.

அக்காலத்தில் அந்நிறுவனத்துக்குப் பாட்டு எழுத வந்தவரே நம் புக்கிட் பாஞ்சாங் இளைஞர். எம். நாசிர் இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் மேனாட்டு ஓவியம் பயின்று 1979இல் தேறியவர். ஓவியம் பயின்ற கண் அவர்தம் பாட்டில் தெரிகிறது என்பது மலாய் அறிந்த நண்பர்கள் பலர் கூறக் கேட்டது, நானும் உடன்படுகிறேன். காதல், பிரிவு, நிலவு என்று பொதுப்படப் பாடாமல், தெருவோரம், பேருந்து, மீனவன் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளை முன்னே நிறுத்திப் பாடுவது அவர் வழக்கம். அலிகேட்ஸ் முதலிய குழுக்களுக்கு அவர் இயற்றிக் கொடுத்த பாட்டுகளால் முதலில் அவர் பெயர் தொழிலுக்குள்ளே பரவிற்று. மக்களிடையே பரவியது பாடியவர் பெயர். பாட்டு எழுதுவோன் திரைக்குப் பின்னே நிற்பதும் பாடுவோன் மாலை பெறுவதும் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே.

இந்த இடத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். புக்கிட் பாஞ்சாங் கம்பத்துப் பிள்ளையின் சொல்லும் மெட்டும். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளின் குரல். டச்சு, ஜெர்மன் முதலாளிகளின் பணம். சிங்கப்பூர், மலேசியா என்னும் இரு நாட்டுச் சந்தை. 1965இல் பிரிந்த இரு நாடுகளும் பாட்டில் பிரியவில்லை. லோகநாதன் பாடிய மலாயில் பழுது கண்ட மலாயர் யாரையும் நான் கண்டதில்லை. அவரும் அவர் அண்ணனும் சுருண்டு அடர்ந்த முடியைக் கூடைபோல் வளர்த்திருந்தனர். அக்காலத் தோட்டப்புறத்து இளைஞர் அதைப் பார்த்து முடி வளர்க்க, ஆசிரியர்கள் பிரம்பை எடுத்ததும் உண்டு. ‘செக்குந்தும் மாவார் மேரா செபுவா புயிசி’ என்னும் அவர்தம் பாட்டை (ஒரு சிவப்பு ரோசா, ஒரு கவிதை என்பது அதன் பெயர்ப்பொருள்) மலாய்ப் பாடத்தில் தேறாத மாணவனும் பிழையின்றிப் பாடுவான். மொழிப்பாட நூல் செய்ய இயலாததை ஓர் ஒலிநாடா செய்தது. ஆசிரியர் என்னும் முறையில் எனக்கு இதில் சிறிது பொறாமையும் உண்டு.

பிறர் வாயில் தம் பாட்டு வெற்றி பெறுவதைக் கண்ட எம். நாசிர் 1981ஆம் ஆண்டில் ஏ. அலி, எஸ். சாஹ்லான் என்னும் இருவருடன் சேர்ந்து தம் குழுவை வெளிப்படுத்தினார். பெயர் ‘கெம்பாரா’. ஊர் ஊராய் அலைதல், பயணம் போதல் என்பது அச்சொல்லின் பொருள். முதல் தொகுப்பின் பெயரும் அதுவே. அதில் ஒலித்தது மின் கித்தாரின் முழக்கத்தைவிட மரக் கித்தாரின் மெல்லோசை. பாணருள் சீறியாழ் ஏந்தியோர் ஒரு வகை, பேரியாழ் ஏந்தியோர் ஒரு வகை என்று நாம் படித்திருக்கிறோம். இவர்கள் சீறியாழ்ப் பாணர். ராக் என்று சொல்வதா, நாட்டார் பாடல் வழி வந்தது என்று சொல்வதா என்று வகை பிரிப்போர் வாதிடுவர். இரண்டும் கலந்தது என்று கூறி அமைவோம்.

அத்தொகுப்பில் எல்லோர் நெஞ்சிலும் நின்றது ‘எக்ஸ்பிரஸ் ராக்யாட்’ என்னும் பாட்டு. மலாயன் ரயில்வேயின் விரைவு வண்டி ஒன்றின் பெயர் அது. ‘மக்கள் விரைவு வண்டி’ எனலாம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் எந்த வண்டியும் புக்கிட் தீமாவைக் கடந்து, புக்கிட் பாஞ்சாங்கில் சாலையைக் குறுக்கே வெட்டி, கிராஞ்சி, உட்லண்ட்ஸ் வழியாகப் பாலமேறும். அங்கே தடுப்புக் கட்டை விழுந்து பேருந்துகளெல்லாம் வரிசையாய்க் காத்துநிற்கும் காட்சி அவ்வூரார் அனைவரும் கண்டது. ஆகவே புக்கிட் பாஞ்சாங்கில் பிறந்த ஒருவர் ரயிலைப் பாடினார் என்பதில் வியப்பில்லை. அப்பாட்டில் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூர் வந்து இறங்கும் இளைஞன் பேசுகிறான். பெருநகரின் அழகும் அவன் கண்ணில் படுகிறது. தெருவோரத்தில் வேலையின்றி இருப்போரும் படுகின்றனர்.

தமிழாசிரியர்க்கு இங்கே ஆற்றுப்படை நினைவு வராமல் இராது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதவர்க்குச் சொல்லி, இன்ன வழியே இன்ன வள்ளலிடம் செல்க என்று நெறிப்படுத்துவதை அதன் இலக்கணமாகத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்தார். அதனோடு இதனை வைத்துப் பார்க்குமிடத்து, ஒப்பைக் காட்டிலும் வேறுபாடே எனக்குச் சுவையாயிருக்கிறது. வறுமை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வழிநடை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அங்கே பரிசில் பெற்று மீள்வோன் எதிர்ப்படுவான். இங்கே எதிர்ப்படுவோன் இல்லை. அங்கே வழியின் முடிவில் நல்லியக்கோடனோ நன்னனோ இருப்பான். இங்கே வழியின் முடிவில் ஒரு நகரம் இருக்கிறது, அவ்வளவே. வள்ளல் இல்லாத ஆற்றுப்படை என்று இதனைச் சொல்லலாமா? வகுப்பில் மாணவரிடம் இவ்வொப்பீட்டைக் கொடுத்தால் சிறுபாணாற்றுப்படையை அவர்கள் இன்னும் சற்று விழிப்போடு படிப்பர் என்பது என் நம்பிக்கை.

எம். நாசிரின் வாழ்வும் அப்பாட்டின் வழியே சென்றது. மலாய்ப் பாட்டைக் கேட்பவர் தொகை வடக்கே பெருகியிருந்தது. சிங்கப்பூரில் பள்ளியும் அலுவலகமும் ஆங்கிலத்தை நோக்கி விரைந்தன. அவரும் எல்லை கடந்து மலேசியாவில் நிலைகொண்டார். இருபதாண்டுக்கு முன்னர்ப் பி. ரம்லி சென்றதும் இதே திசையில்தான். கெம்பாராவின் பெயரில் 1982இல் ‘பெர்ஜுவாங்கான்’, 1983இல் ‘ஜெனராசிக்கு’, 1984இல் ‘1404 ஹிஜ்ரா’, ‘செனிமான் ஜாலானான்’, 1985இல் ‘டூயிட்’ என்னும் தொகுப்புகள் வந்தன. போராட்டம், என் தலைமுறை, தெருக்கலைஞன், பணம் என்னும் பெயர்களே அவற்றின் போக்கைக் கூறும். மூன்றாம் தொகுப்புக்குப்பின் ஏ. அலியும் எஸ். சாஹ்லானும் விலகினர், பெயரை எம். நாசிர் விடாது காத்தார். 1986இல் நாசிர் ஜானி இயக்கிய ‘கெம்பாரா செனிமான் ஜாலானான்’ என்னும் படத்தில் அவரே நடித்தார்.

இனி நான் தொடக்கத்தில் கூறிய குறைக்கு வருகிறேன். மலாயாத் தமிழர் இசை வரலாறு என்று நாம் எழுதும்போது கோயில் நாதசுரக்காரர் வருகின்றனர். வானொலிப் பாடகர் வருகின்றனர். மேடை மெல்லிசைக் குழுக்கள் வருகின்றன. ஆறுமுகம் சகோதரர் வருவதில்லை. தமிழில் பாடிப் புகழ் பெறவில்லையே, அவரை எவ்வாறு சேர்ப்பது என்று அறிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் வாதத்தில் சிறிது வலிமை உண்டு. மொழியின் வரலாறு வேறு, இனத்தின் வரலாறு வேறு. இத்தனை ஆற்றல் உடைய குரல்களுக்கு அக்காலத்தில் ஒரு தமிழ்க் கவிஞன் இவ்வூர்த் தெருவைப் பற்றி, இவ்வூர் ரயிலைப் பற்றிப் பாட்டு எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் ஏங்குவதுண்டு. சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல் ஒலிநாடாக்கள் கடைகளை நிறைத்திருந்தன. உள்ளூர்த் தமிழ்ப் பாட்டில் முதல் போடத் துணிந்தோர் குறைவு. குறை நம் சந்தையில் இருக்க, அதனைப் பாடகர் தலையில் ஏற்றுவது முறையாகுமா?

மற்றொன்றும் கருத வேண்டும். பி. ரம்லியை முதன்முதல் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ என்னும் 1950ஆம் ஆண்டு மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். மலாய்த் திரைக்கலையின் வரலாற்றை எழுதும் மலாயர் அவரை விடுவதில்லை. நம் பக்கம் பார்த்தால், முத்துசாமி தீட்சிதர் பிரிட்டிஷார் வாத்தியக் குழுவின் மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழிச் சொல் அமைத்தார்; நோட்டு சுரம் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மெட்டு யாருடையது, சொல் யாருடையது என்று பிரித்துப் பார்த்து அவற்றைக் கச்சேரியிலிருந்து நீக்கியவர் இல்லை.

சிங்கப்பூரிலேயே இதற்கு மறுதலையான சான்று உண்டு. எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’ என்னும் தமிழ்ப் பாட்டைச் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தேசிய நாள் தோறும் பாடுகின்றனர். ழகரமும் ளகரமும் அவர்கள் வாயில் படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் கேட்டு மகிழ்கிறோம். அவர்கள் நம் பாட்டைப் பாடும்போது பெருமைப்படுகின்ற நாம், நம்மவர் அவர்கள் பாட்டைப் பழுதறப் பாடியபோது கணக்கில் சேர்க்காது விடுவது தராசைச் சாய்ப்பதாகும்.

எம். நாசிர் 1993இல் ‘சங்குங் மெண்டோனான்’ என்னும் தனித் தொகுப்பை வெளியிட்டார். பாரசீகக் கவி அத்தாரின் பறவைகள் கதையை நினைவூட்டும் ‘தாஞா சாமா இத்து ஹுட்ஹுட்’ என்னும் பாட்டுக்காக 1994ஆம் ஆண்டின் ‘ஜுவாரா லாகு’ பரிசு அவருக்குக் கிடைத்தது. லோகநாதன் ஆறுமுகம் 2007 ஜூன் 4ஆம் நாள் நோயுற்று மறைந்தார். டேவிட் அதன் பின்னும் குழுவின் பெயரில் பாடினார். 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் தாமே வண்டியைச் செலுத்திச் சென்றார். புக்கிட் பாஞ்சாங்கில் தடுப்புக் கட்டை மேலெழுந்தது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தனர்.